எந்தப் பக்கம் அடிக்கிறம்?

அத்தியாயம் 11

கைபேசி மறுபடியும் அடித்தது.

அது எங்கள் வீட்டுக் கைபேசி இல்லை. ஐங்கரனுடையது. ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் தங்கள் கைபேசியை அப்பாவின் பையில்தான் போட்டுவிட்டு இறங்குவார்கள். மற்றவர்கள் ஞாயிறு மாலையே எடுத்துக்கொண்டு போனார்கள். ஐங்கரனுடையது மட்டும் அந்தப் பைக்குள் கிடந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. திரையில் ‘ஜெகா’ என்று வரும். ஊரில் இருக்கும் அவன் மனைவி ஜெகதீஸ்வரி.

அப்பா எடுக்கமாட்டார். ஆனால் படுக்கப்போகுமுன் மறக்காமல் அதைச் சார்ஜில் போடுவார்.

“ஒண்டில் அதை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி எடுத்துக் கதையுங்கோ,” என்றார் அம்மா. விடியற்காலையில் அலுவலகங்களைத் துடைத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் வந்திருந்தார். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

“எடுத்து என்னத்தைச் சொல்லுறது பேர்ளி?”

“ஆஸ்பத்திரியில இருக்கிறான் எண்டாவது சொல்லுங்கோ.”

“எந்த ஆஸ்பத்திரி எண்டு கேப்பாள். ஆரையாவது பிடிச்சு விசாரிப்பாள். அப்பிடி ஒரு ஆள் இஞ்சை இல்லையெண்டு அவங்கள் சொல்லுவாங்கள்.”

அம்மா மேலங்கியைக் கழற்றிக் கொளுவினார். அப்பா சொன்னது உண்மை. அந்த மருத்துவமனையில் ஐங்கரன் என்று ஒருவனும் இல்லை.

பாரிசில் இருக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஒவ்வொரு கோடையிலும் ஒன்றோடொன்று பந்தடிக்கும். என் அப்பா யோன் பத்தொன்பது வருடமாக அதில் ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்றுநர். போன ஞாயிறு அரையிறுதி. முதல் பாதியில் ஒரே பந்துக்கு ஐங்கரனும் எதிரணிக்காரனும் எழும்பினார்கள். தலையும் தலையும் மோதின. ஐங்கரன் விழுந்தான், எழுந்தான், கடைசி விசில்வரை ஆடினான், வெற்றிக் கோலையும் அவனே அடித்தான். பிறகு கோல்கம்பத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். அங்கேயே சரிந்தான்.

ஆம்புலன்ஸ்காரர் பெயர் கேட்டார். அப்பா பையிலிருந்து விளையாட்டு அட்டையை எடுத்து நீட்டினார். அதில் இருந்த பெயர் பிருந்தாபன். சங்கத் தலைவர் யோகநாதனின் மகன்.

ஐங்கரனுக்கு இந்த நாட்டில் காகிதம் இல்லை. அகதி வழக்கு இரண்டு தடவை தள்ளுபடியானது. காகிதம் இல்லாதவனுக்குச் சங்கம் அட்டை எடுக்காது. ஆனால் கோல் அடிக்க அவன் வேண்டும். ஆகவே, பந்தடிப்பதையே விட்டுவிட்ட பிருந்தாபனின் அட்டையை வருடாவருடம் புதுப்பித்து அவனுக்குக் கொடுத்தார்கள். படத்திலும் தாடி, ஆளிலும் தாடி. வெள்ளைக்கார மத்தியஸ்தருக்கு அது போதும். இதை எல்லாக் கல்லூரி அணிகளும் செய்கின்றன. எல்லோருக்கும் தெரியும், யாரும் கதைப்பதில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், ஐங்கரன் அந்தக் கல்லூரியில் படித்தவன், அதன் அணித் தலைவனாக இருந்தவன். பிருந்தாபன் இங்கே பிறந்தவன். கல்லூரி வாசலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

இப்போது ஐங்கரன் மண்டையைத் திறந்து மூடிய நிலையில், இயந்திரத்தின் மூச்சில், மணிக்கட்டில் பிருந்தாபன் என்ற பட்டியோடு கிடக்கிறான். உறவினரைத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் யோகநாதன் போய் அப்பாவாக உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

அப்பாவின் சொந்தக் கைபேசி அடித்தது. அதை உடனே எடுத்தார்.

“ஓம் அண்ணை… ஓம்… வாறன்.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “யோகநாதன் அண்ணை. பின்னேரம் டொக்டர் குடும்பத்தோட கதைக்க வேணுமெண்டு கூப்பிட்டிருக்கிறாராம். அதுக்கு முதல் கடைக்கு வரட்டாம்.”

குடும்பத்தோடு கதைக்க வேண்டும் என்றால் என்ன என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அப்பா கல்லூரிச் சின்னம் தைத்த மேலங்கியை எடுத்து இஸ்திரி போட்டார். என்ன வெட்கம் கெட்ட விசுவாசம் என்று நினைத்தேன்.

“நானும் வாறன்,” என்றேன்.

“நீ வேலைக்குப் போ பிள்ளை.”

“லீவு சொல்லிட்டன்.”

எங்கள் புறநகர் பியர்ஃபித்திலிருந்து ரயில் ஏறினோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அப்பா வெளியே பார்க்கவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் அப்பாவிடம் ஒரு பட்டமும் கிடையாது. யாழ்ப்பாணத்தில் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் ஒருநாள் காணாமல்போனார். விசிலை யாராவது ஊதவேண்டும் என்று இவரிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மாஸ்ரர். நியமனம் கடைசிவரை வரவில்லை. எங்கள் கடற்கரை ஊரிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் பந்தடிக்க ஆள் எடுப்பார்கள். மற்ற எதற்கும் எடுக்கமாட்டார்கள். பாரிசிலும் அந்த வழக்கம் மாறவில்லை. கிழமை நாட்களில் உணவகத்தில் கோப்பை கழுவினார், ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் அணியைப் பார்த்தார். விழாவில் விளக்கேற்ற நகைக்கடைக்காரரையும் பலசரக்குக் கடைக்காரரையும் மேடைக்குக் கூப்பிடுவார்கள். பயிற்றுநர் தண்ணீர்ப் போத்தல்களோடு எல்லைக்கோட்டுக்கு அருகில் நிற்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் பிடித்துத் தள்ளி அவரை இந்த நாட்டுப் பயிற்றுநர் டிப்ளோமாவில் சேர்த்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. குசினி மேசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பாடத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். வகுப்பிலேயே வயது கூடியவர் அப்பா. பாஸ் பண்ணினார்.

போன ஞாயிறு ஆர்ஜொந்தெய் நகரக் கழகத்து ஆட்கள் அவர் அணி ஆடுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். அன்று இரவே தொலைபேசி வந்தது. பதினேழு வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தலைமைப் பயிற்றுநர். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்துக்குச் சம்பளம். ஒரேயொரு நிபந்தனை, பொலிஸ் பதிவு சுத்தமாக இருக்கவேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு இங்கே அதைக் கட்டாயம் பார்ப்பார்கள்.

அந்தச் செய்தி வந்தபோது ஐங்கரனுக்கு மண்டையைத் திறந்துகொண்டிருந்தார்கள். அப்பா “மெர்சி, மெர்சி” என்று சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தார். வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் யோகநாதனின் நகைக்கடை. கீழே தாலிக்கொடி பார்க்கும் சனம். மேல்மாடியில் சங்கத்தின் வெற்றிக் கிண்ணங்கள் கண்ணாடிக்குள். யோகநாதன் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முகச்சவரம் செய்திருக்கவில்லை. மனிதர் உண்மையாகவே கலங்கித்தான் இருந்தார். எதற்கு என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

“இரும் மாஸ்ரர். பிள்ளை, நீரும் இரும். தேத்தண்ணி சொல்லியிருக்கிறன்.”

“அவன் எப்பிடி அண்ணை?” என்றார் அப்பா.

“ஸ்கான் சரியில்லையாம். மூளை ஒண்டுக்கும் அசையேல்லையாம். மெசினைப் பற்றித்தான் பின்னேரம் கேக்கப்போறாங்கள்.” நெற்றியைத் தேய்த்தார். “நான் என்னெண்டு ஒப்பம் வைக்கிறது? வைச்சா என்ர மகன் எல்லோ செத்ததாப் பதிவாகும். அவனுக்கு ஆவணியில கலியாணம். மண்டபமும் சொல்லியாச்சு.”

“மூண்டு நாளா அந்தப் பேர் உங்களுக்கு வசதியாத்தானே இருந்தது அங்கிள்?” என்றேன்.

“சுஜானி,” என்றார் அப்பா.

“விடும் மாஸ்ரர். சட்டம் படிச்ச பிள்ளை, கேக்கத்தான் செய்யும்.” யோகநாதன் என் பக்கம் திரும்பவேயில்லை. “இஞ்சை பாரும். பேரை மாத்தத்தான் வேணும். இண்டைக்கே மாத்தவேணும். ஆனா அட்டை என்னெண்டு அவனிட்டைப் போனதெண்டு கேப்பாங்கள். சங்கம் குடுத்ததெண்டா சங்கத்தை இழுத்து மூடுவாங்கள். மகனும் மாட்டுவான்.”

“ஓம்.”

“நீர் ஒண்டு சொன்னாக் காணும். பழைய அட்டை பையிக்குள்ள கிடந்தது, ஆக்கள் காணாதெண்டு நீராத்தான் எடுத்துப் பாவிச்சனீர், ஒருத்தருக்கும் தெரியாதெண்டு. நீர் முதல் போய்ச் சொல்லும். பின்னால நான் மகனோட வந்து, இவன்தான் உண்மையான ஆளெண்டு காட்டுறன்.”

“மூண்டு நாளா உங்களை அவன்ர அப்பா எண்டு நினைச்ச நேர்ஸுக்கு என்ன சொல்லுவீங்கள்?” என்று கேட்டேன்.

“பயத்தில பேசாமல் இருந்திட்டன் எண்டு சொல்லுவன். அது பொய்யும் இல்லை.” அதற்கும் அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “பத்தொன்பது வருசம் நீர் செய்ததை நாங்கள் மறக்கேல்லை. வாற விழா மலரில தலைமைப் பயிற்றுநர் எண்டு முழுப்பக்கம் போடுவம். மேடையில கூப்பிட்டுப் பொன்னாடை போர்ப்பம். விளக்கும் நீர்தான் கொளுத்துறீர்.”

அப்பா தேநீரைக் கடைசிவரை குடித்தார். கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார்.

“டொக்டர் எத்தினை மணிக்கு அண்ணை வரச்சொன்னவர்?”

“நாலு.”

“சரி. நான் முந்திப் போறன்.”

படியில் இறங்கினோம். கண்ணாடிக்குள் இருந்த கிண்ணங்களை உடைக்காமல் வந்தது என் நல்ல குணத்தால் இல்லை, அப்பா முன்னால் நடந்ததால்.

தெருவில் வாழைப்பழக் குலையை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் அப்பாவைக் கண்டு கையைத் தூக்கினார். “மாஸ்ரர், ஞாயிறு பைனல் எங்களுக்குத்தானே? சென்ரருக்கு ஆரை விடுறியள்?”

“பாப்பம் தம்பி,” என்றார் அப்பா.

பைனல். அதை நிறுத்தவேண்டும் என்ற எண்ணம்கூட ஒருவருக்கும் வரவில்லை.

மெற்றோவில் ஏறியதும் வாயைத் திறந்தேன். “ஆர்ஜொந்தெய் போயிடும் அப்பா.”

“தெரியும்.”

“களவெடுத்த அட்டை எண்டு நீங்களே சொன்னா, பொலிஸ் பதிவு வரும். பிறகு ஒரு கழகமும் உங்களைப் பிள்ளையளுக்குக் கிட்டவும் விடாது. அந்த மனுசன் பொன்னாடை போர்ப்பாராம். இவ்வளவு நாளும் குடுக்காத விளக்கை இப்ப தருவாராம். உங்களுக்கு ரோசமே இல்லையோ?”

எதிரே இருந்த பெண் எங்களைப் பார்த்தார். தமிழ் விளங்காவிட்டாலும் சண்டை விளங்கும்.

“அவன் தன்ர பேரில கிடக்கவேணும் பிள்ளை,” என்றார் அப்பா. “இப்போதைக்கு எனக்கு அது ஒண்டுதான்.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். எட்டு வயதிலிருந்து இந்த வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான். விசா அலுவலகத்திலும், வைத்தியரிடமும், வீட்டுக்காரரிடமும். அப்பா என்ன பொய்யைத் தமிழில் சொன்னாலும் சொல்லட்டும். பிரெஞ்சில் உண்மை வரும்.

மருத்துவமனையில் அந்தப் பிரிவின் கதவு பூட்டியிருந்தது. மணியை அழுத்தினோம். வெளியே வந்த தாதியின் சட்டையில் ஜிஸ்லேன் என்று எழுதியிருந்தது. உறவினர்தானா என்று கேட்டார். இல்லை, ஆனால் நோயாளியின் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றேன். அவர் எங்களைச் சுவரோரக் கதிரைகளுக்குக் கூட்டிப்போனார். அப்பா உட்காரவில்லை.

“நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு,” என்றார். “கூட்டாத. குறைக்காத.”

“சொல்லுங்கோ.”

“உள்ளை படுத்திருக்கிறவன்ர பேர் பிருந்தாபன் இல்லை. ஐங்கரன். முப்பத்தொரு வயசு. மனுசி ஊரில.”

சொன்னேன். ஜிஸ்லேன் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு, அப்படியென்றால் அந்த அட்டை எப்படி வந்தது என்று கேட்டார்.

நான் தயாரானேன்.

“சங்கம் குடுத்தது,” என்றார் அப்பா. “தலைவர் யோகநாதன் தன்ர கையால தந்தவர். வருசாவருசம். பிழையெண்டு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினனான். மூண்டு நாளா இஞ்சை வந்து போறவர் அவன்ர தேப்பன் இல்லை.”

நான் அப்பாவைப் பார்த்தேன். மேல்மாடியில் அவர் சரி என்று சொன்னது முந்திப் போகிறேன் என்பதற்கு மட்டும்தான். என்ன சொல்வேன் என்று அவர் சொல்லவேயில்லை. எனக்குச் சிரிப்பு முட்டியது. ஒரு சொல்லும் விடாமல், யோகநாதன் என்ற பெயரை எழுத்தெழுத்தாக, அனுபவித்து மொழிபெயர்த்தேன். இது போதும் என்று கணக்குப் போட்டேன். சங்கம்தான் குற்றவாளி. அப்பா சொன்னதைச் செய்தவர். நல்ல வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்தால் ஆர்ஜொந்தெய் தப்பும்.

“இன்னும் இருக்கு,” என்றார் அப்பா.

“என்ன?”

“இடைவேளையில அவனைக் கூப்பிட்டுக் கேட்டனான். எந்தப் பக்கம் அடிக்கிறம் எண்டு.”

அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். டிப்ளோமாப் பாடத்தில் நான் மொழிபெயர்த்த பக்கம் அது. தலையில் அடிபட்டவனிடம் கேட்கவேண்டிய கேள்விகள். இது எந்த மைதானம்? கடைசிக் கோலை அடித்தது யார்? எந்தப் பக்கம் அடிக்கிறோம்? ஒன்றுக்குப் பிழையாகச் சொன்னாலும் ஆளை வெளியே எடு. திரும்ப இறக்காதே. அப்பா அதைப் பாடமாக்க என்னையே ஆட்டக்காரனாக வைத்துக் குசினியில் கேட்டுக் கேட்டுப் பழகினார். நான் வேண்டுமென்றே பிழையாகச் சொல்வேன். “வெளியில போ,” என்று கதவைக் காட்டுவார். அம்மா சிரிப்பார்.

“அவன் எங்கட கோலைக் காட்டினான்,” என்றார் அப்பா. “பக்கம் மாறினதில குழம்பிட்டான் எண்டு பெடியள் சிரிச்சவை. நானும் சிரிச்சனான். மற்றப் பக்கமடா எண்டு தோளில தட்டி இறக்கினன்.”

“அப்பா.”

“அவன்ர கண்ணைப் பாத்தனான் பிள்ளை. எனக்கு விளங்கினது. ஆட்டம் ஒண்டுக்கொண்டு சமனில நிக்குது. அவன் இல்லாட்டிக் கோல் இல்லை. அங்கால ஆர்ஜொந்தெய் ஆக்கள் கைகட்டிக்கொண்டு நிக்கினம்.” மூச்சை இழுத்துவிட்டார். “இதையும் சொல்லு.”

தாழ்வாரத்தில் யாரோ ஒரு வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது கடக்க வழிவிட்டு அப்பாவுக்குக் கிட்ட வந்தேன்.

“இதை அவை கேக்கேல்லை அப்பா.”

“சொல்லு பிள்ளை.”

என்ன சொல்கிறார் என்று ஜிஸ்லேன் என்னிடம் கேட்டார்.

காலையிலிருந்து பொய்க்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்த நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். “அப்பா களைத்துப்போனாராம்,” என்று பிரெஞ்சில் சொன்னேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய பிரெஞ்சு மைதானத்துப் பிரெஞ்சு. ஏறு, இறங்கு, விடு, அடி, பார். களைத்துவிட்டதா என்ற சொல்லும் அதில் உண்டு. எல்லைக்கோட்டுக்கு அருகில் நின்று வருடக்கணக்காக அவர் கேட்டு வந்த சொல். நான் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது.

கோபிக்கவில்லை. என்னைக் கையால் மெல்ல ஒதுக்கிவிட்டு ஜிஸ்லேனுக்கு முன்னால் வந்து நின்றார். தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். இலக்கணம் இல்லை. தமிழில் எழுதினால் இப்படி வரும்.

“அவன் விழு. நான் பார். கேள்வி கேள், பதில் பிழை. நான் வெளியே எடு, இல்லை.” தன் நெஞ்சில் கையை வைத்தார். “நான். பயிற்றுநர்.”

ஜிஸ்லேனுக்கு முழுவதும் விளங்கியது. முகம் இறுகியது, குரல் இறுகவில்லை. இதை டொக்டர் உங்கள் வாயால் கேட்கவேண்டும், பிறகு பொலிசும் கேட்கும், இங்கேயே இருங்கள் என்றார். அந்த மனிதனின் உண்மையான குடும்பத்துக்கு யார் அறிவித்தீர்கள் என்று கேட்டார்.

ஒருவரும் இல்லை என்று நான் சொன்னேன். இந்தமுறை சரியாகச் சொன்னேன்.

பைக்குள் கைபேசி அடித்தது.

அப்பா பையைத் திறந்தார். ஜெகா. என்னிடம் நீட்டுவார் என்று நினைத்தேன். நான் வாங்கியிருக்கமாட்டேன். அவர் நீட்டவில்லை. பச்சையை அழுத்திக் காதில் வைத்தார். ஊரிலிருந்து வரும் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

“ஹலோ? ஆர், மாஸ்ரரோ? கடவுளே, இப்பதான் உயிர் வந்தது. இவர் எங்கை மாஸ்ரர்? மூண்டு நாளா எடுக்கிறன். கோவமோ என்னவோ தெரியேல்லை. சங்கத்துப் பேஸ்புக்கில படம் பாத்தனான், எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கினம். இவரை மட்டும் காணேல்லை. மட்ச் வெண்டனீங்களோ மாஸ்ரர்?”

தாழ்வாரத்தின் அந்தக் கடைசியில் லிஃப்ட் திறந்தது. யோகநாதன் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் பிருந்தாபன், கையில் அடையாள அட்டையோடு. தாடியை வழித்திருந்தான். யோகநாதன் என் அருகில் வந்து குனிந்தார்.

“சொல்லியாச்சோ?” என்று ரகசியமாகக் கேட்டார்.

அப்பா எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, மற்றக் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஓம் பிள்ளை,” என்றார் கைபேசியில். “வெண்டனாங்கள்.”